கில்டேரின் புனித பிரிஜித்

கில்டேரின் புனித பிரிஜித் (ஏறத்தாழ கி.பி. 451 – 525) அயர்லாந்து நாட்டின் மூன்று பாதுகாவல் புனிதர்களுள் ஒருவர் ஆவார். மற்ற இருவர் புனித பாட்ரிக், புனித கொலும்பா ஆகியோர். லென்ஸ்டர் நாட்டில் கில்டேர் என்னுமிடத்தில் ஆண் துறவியரும் பெண் துறவியரும் அடங்கிய ஒரு மடத்தை நிறுவி, அதன் முதல் தலைவியாக இருந்தவர். இவரது திருவிழா பெப்ரவரி 1 ஆகும். ஐரிய மரபில் இளவேனிற்காலம் தொடங்கும் நாளும் அதுவே. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவீடனின் புனித பிரிஜித்தா இவரினும் வேறானவர்.

பிரிஜித்தின் வாழ்க்கை பற்றி உறுதியாக அறியக்கூடியவை மிகக் குறைவு. அவர் எழுதியது எதுவும் கிடைக்கவில்லை. அவரை நேரில் கண்டவர் எவரும் எழுதி வைக்கவும் இல்லை. எனினும் ஐரிய நாட்டுப்புற மக்களிடையே இவரளவுக்கு அன்றாட வாழ்வுடன் கலந்துவிட்ட புனிதர் வேறொருவர் இலர். கன்று ஈனும் பசு, வெண்ணெய் கடையும் தாழி, ஊற்று நீர், வானிலை என உழவர் வீட்டின் கவலைகள் பலவும் இவரது பொறுப்பாகக் கருதப்பட்டன.

வரலாற்று மூலங்கள்

பிரிஜித்தைப் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய வரலாறுகளுள் ஒன்று, கோகிட்டோசஸ் என்னும் துறவி இலத்தீனில் எழுதியதாகும். இது ஏறத்தாழ கி.பி. 650 அளவில், அதாவது பிரிஜித் இறந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பின்னர் எழுதப்பட்டது. முதல் வரலாறு என்று அழைக்கப்படும் மற்றோர் இலத்தீன் நூலும் உண்டு. அதன் காலம் பற்றி ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெதா பிரிக்தே' பெரும்பகுதி பழைய ஐரிய மொழியிலும் எஞ்சிய பகுதி இலத்தீனிலும் அமைந்தது.

இந்நூல்களைப் படிக்கும்போது ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். கோகிட்டோசஸ் கில்டேர் மடத்தின் பெருமையை நிலைநாட்டும் நோக்குடன் எழுதியவர். அக்காலத்தில் அர்மா நகரத் திருச்சபை, பாட்ரிக்கின் பெயரால் அயர்லாந்து முழுவதற்கும் தலைமை கோரி வந்தது. அதற்கு எதிராகக் கில்டேரும் தன் நிறுவனரை முன்னிறுத்தியது. ஆகவே அவர் எதைச் சொல்கிறார் என்பதைப் போலவே எதை விட்டுவிடுகிறார் என்பதும் கவனிக்கத்தக்கது.

பிறப்பும் இளமையும்

தந்தையின் பெயர் துப்தாக், தாயின் பெயர் புரோக்செக் என்பதில் மூலங்கள் உடன்படுகின்றன. அதற்கு மேல் வேறுபடுகின்றன. கோகிட்டோசஸ் இருவரையும் உயர்குடிப் பிறந்த கிறித்தவர் என்கிறார். மற்ற நூல்களோ துப்தாக் ஒரு குறுநிலத் தலைவர் என்றும், புரோக்செக் அவரது வீட்டு அடிமை என்றும் கூறுகின்றன. துப்தாக்கின் மனைவி பொறாமை கொண்டதால், கருவுற்றிருந்த புரோக்செக் விற்கப்பட்டு, இறுதியில் துரூயிது எனப்படும் பழஞ்சமயப் பூசாரி ஒருவரின் வீட்டை அடைந்தார். அங்கே பிரிஜித் பிறந்தார். தன் நிறுவனரின் பெருமையைக் கூட்ட விழைந்த ஒரு மடம் அவரை அடிமை மகளாகப் புனைந்திருக்க வாய்ப்பில்லை என்பதால், கோகிட்டோசஸ் மறைத்ததே உண்மைக்கு அண்மையது எனக் கருதுவோர் உண்டு.

பிறந்த இடமாகப் பரவலாகச் சொல்லப்படுவது லௌத் மாவட்டத்தில் டண்டால்க் நகருக்கு அருகிலுள்ள ஃபோகார்ட் ஆகும். ஆனால் இவரது குலத்தின் பெயர் ஃபோதார்ட்டா என்பதாகும். இவ்விரு பெயர்களின் ஒலி ஒற்றுமையால் ஊர் பின்னாளில் வந்து சேர்ந்தது என்றும், அவர் லென்ஸ்டரிலேயே பிறந்திருக்கக்கூடும் என்றும் சில ஆய்வாளர் கருதுகின்றனர்.

பிறப்புக் கதை தனித்துவம் வாய்ந்தது. கதிரவன் எழும் வேளையில், கறந்த பாலைச் சுமந்து வந்த தாய், ஒரு கால் வாசற்படிக்கு உள்ளேயும் மறு கால் வெளியேயும் இருந்தபோது குழந்தை பிறந்ததாம். வீட்டுக்கு உள்ளும் இல்லை, புறமும் இல்லை. இரவும் இல்லை, முழுப் பகலும் இல்லை. துரூயிதுவின் வீட்டு உணவு குழந்தைக்கு ஒவ்வாமற் போகவே, செவ்விய காதுகளையுடைய வெள்ளைப் பசு ஒன்றின் பாலால் அது வளர்க்கப்பட்டது. ஐரியக் கதைகளில் வெண்ணிற உடலும் சிவந்த காதும் மறு உலகத்து விலங்குகளின் அடையாளம் ஆகும். கிறித்தவப் புனிதரின் வரலாற்றில் அது இடம்பெற்றிருப்பது எழுதியவர்கள் எந்த மரபில் வளர்ந்தவர்கள் என்பதைக் காட்டுகிறது.

இளமைக் கதைகள் பெரும்பாலும் கொடையைப் பற்றியவை. பால்பண்ணையில் வேலை செய்தபோது கடைந்த வெண்ணெயை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். கணக்குக் கேட்கும் வேளையில் அது மீண்டும் நிறைந்திருக்கும். கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிக் கொடுக்கும் மகளால் சலிப்புற்ற துப்தாக், அவரை லென்ஸ்டர் அரசனுக்கே விற்றுவிட எண்ணித் தேரில் அழைத்துச் சென்றார். அரண்மனைக்குள் ஆயுதத்துடன் செல்லலாகாது என்பதால் வாளை மகளிடம் விட்டுச் சென்றார். தந்தை திரும்புவதற்குள் அந்த விலையுயர்ந்த வாளை பிரிஜித் ஒரு தொழுநோயாளிக்குக் கொடுத்துவிட்டார். தந்தை சினந்தார், அரசனோ இப்பெண்ணின் மதிப்பு நம்மால் பேரம் பேசத்தக்கதன்று எனக் கண்டு அவரை விடுவிக்கச் செய்தான். அடிமைத்தனம் நடைமுறையில் இருந்த சமுதாயத்தில் இக்கதை வெறும் வேடிக்கையாகக் கேட்கப்பட்டிராது.

திருமணத்தை மறுத்து, தம் கண்ணொன்றைக் கெடுத்துக்கொண்டு மாப்பிள்ளையை விலக்கியதாகவும், பின்னர் பார்வை குணமானதாகவும் ஒரு கதை கூறும். துறவு முக்காட்டை ஆயர் மெல் இவருக்கு அணிவித்தபோது, தவறுதலாக ஆயர் திருநிலைப்பாட்டுக்குரிய மன்றாட்டையே படித்துவிட்டார் என்று பெதா பிரிக்தே சொல்கிறது. கில்டேரின் தலைவியர் பிற்காலத்தில் ஆயருக்கு நிகரான மதிப்புப் பெற்றிருந்தனர். அதற்குக் காரணம் காட்டவே இக்கதை எழுந்தது எனலாம்.

கில்டேர் மடம்

கில்டேர் என்னும் பெயர் ஐரிய மொழியில் ஓக் மரத்தின் திருக்கோவில் எனப் பொருள்படும். 5ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் இம்மடம் தோன்றியிருக்க வேண்டும். கொன்லெத் என்னும் துறவியை ஆயராக அழைத்துக்கொண்டு பிரிஜித் மடத்தை நடத்தினார். கொன்லெத் உலோக வேலையில் வல்லவர் என்பது மரபு.

7ஆம் நூற்றாண்டில் அந்தக் கோவில் எவ்வாறு இருந்தது என்பதைக் கோகிட்டோசஸ் விரிவாக விளக்கியுள்ளார். பலிபீடத்தின் இரு பக்கங்களிலும் பிரிஜித், கொன்லெத் ஆகியோரின் கல்லறைகள் இருந்தன. அவற்றின் மேல் பொன்னாலும் வெள்ளியாலும் ஆன முடிகள் தொங்கின. ஆண்களும் பெண்களும் வெவ்வேறு வாயில்களின் வழியே நுழைந்து, நடுவே தடுப்புச் சுவர் இருக்க, ஒரே வழிபாட்டில் கலந்துகொண்டனர். பழங்கால ஐரியத் தேவாலயம் ஒன்றைப் பற்றி இவ்வளவு தெளிவான செய்தி கிடைப்பது அரிது.

கோகிட்டோசஸ் தரும் அற்புதங்களில் வானிலையைப் பற்றியது ஒன்று. பிரிஜித் தம் வயலில் அறுவடைக்கு ஆட்களைக் கூட்டிய நாளில் நாடெங்கும் கடும் மழை பெய்து, ஓடைகள் பெருக்கெடுத்தன. அவரது வயலில் மட்டும் ஒரு துளியும் விழவில்லை. அறுப்போர் காலை முதல் மாலை வரை வேலை செய்தனர். மற்றொன்றில், மழையில் நனைந்து வந்த அவர் தம் ஈர மேலங்கியைக் கதிரொளிக் கற்றையின் மீது கொடியில் போடுவது போலப் போட, அது அங்கேயே தொங்கியது. குளிக்க வைத்திருந்த நீரைப் பார்லி மதுவாக மாற்றி விருந்தினருக்கு அளித்த கதையும் உண்டு. பிரிஜித்தின் அற்புதங்களில் மாண்டோர் எழுவதைவிட மோரும் மதுவும் விளைச்சலுமே மிகுதி.

பெப்ரவரி 1 அன்று அவர் இறந்தார் என்பது பழைய மரபு. ஆண்டைப் பொறுத்தவரை, ஐரிய ஆண்டுக்குறிப்பேடுகள் 520களில் வெவ்வேறு ஆண்டுகளைத் தருகின்றன.

அணையாத் தீயும் மடத்தின் வீழ்ச்சியும்

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்துக்கு வந்த வேல்சின் ஜெரால்டு, கில்டேரில் அணையாமல் காக்கப்பட்ட தீயைப் பற்றி எழுதியுள்ளார். 19 கன்னியர் இரவுக்கு ஒருவராக அதைக் காத்தனர். 20ஆம் இரவு விறகை அருகில் வைத்துவிட்டு, காக்கும் பொறுப்பைப் பிரிஜித்திடமே ஒப்படைத்துச் சென்றனர். விடியும்போது விறகு எரிந்திருக்கும், தீயும் அணைந்திராது. சுற்றியிருந்த வேலிக்குள் ஆண்கள் நுழையலாகாது. இத்தீயைப் பிரிஜித்தே ஏற்றினார் என்பது மரபு. ஆனால் கோகிட்டோசஸ் அதைக் குறிப்பிடவில்லை.

மடத்தின் வீழ்ச்சி தீயால் வந்ததன்று, அரசியலால் வந்தது. 1132 இல் லென்ஸ்டர் அரசுரிமைப் போட்டியின்போது டெர்மட் மக்மரோவின் படையினர் கில்டேரைத் தாக்கினர். மடத் தலைவி வலுக்கட்டாயமாக வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டு, பதவிக்குத் தகுதியற்றவர் ஆக்கப்பட்டார். அவ்விடத்தில் மக்மரோவின் உறவினப் பெண் அமர்த்தப்பட்டார். 1152 இல் கெல்ஸ் சங்கத்துடன் கில்டேர் தலைவியர் ஆயர்களுக்கு மேல் பெற்றிருந்த முன்னுரிமையும் முடிவுக்கு வந்தது. 1220 இல் டப்ளின் பேராயர் தீயை அணைக்க ஆணையிட்டார் என்பர். அது மீண்டும் ஏற்றப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் மடங்கள் கலைக்கப்படும் வரை எரிந்தது.

பெண் தெய்வமா, புனிதரா

காஷெல் அரசரும் ஆயருமான கோர்மாக் (இ. 908) தொகுத்ததாகக் கூறப்படும் சொற்பொருள் நூல், பிரிகித் என்பது புலவர்கள் வணங்கிய ஒரு பெண் தெய்வத்தின் பெயர் என்றும், அவளுக்கு மருத்துவத்துக்கும் கொல்லர் தொழிலுக்கும் உரிய இரு உடன்பிறப்புகள் அதே பெயரில் இருந்தனர் என்றும் கூறுகிறது. அப்பெயர் உயர்ந்தவள் எனப் பொருள்படும். பிரித்தானியாவின் வடபகுதியில் உரோமர் காலக் கல்வெட்டுகளில் காணப்படும் பிரிகாந்தியா என்னும் தெய்வப் பெயரும் அதே வேரினது.

இதனால் பிரிஜித் என்ற பெண் வாழ்ந்ததே இல்லை. பழைய தெய்வத்துக்கே கிறித்தவ உடை அணிவிக்கப்பட்டது என்று சிலர் முடிவு செய்தனர். தெய்வத்தின் பெயரைத் தாங்கிய ஒரு பெண் உண்மையில் மடம் நிறுவினார். பின்னர் அத்தெய்வத்தின் இயல்புகள் அவர் மீது ஏற்றப்பட்டன என்பது மற்றொரு தரப்பு. தெய்வத்தைப் பற்றிய எழுத்துச் சான்று புனிதரைப் பற்றிய சான்றைவிட இரண்டரை நூற்றாண்டு பிந்தியது என்பதையும் மறத்தலாகாது. வரலாற்று நூல்களில் வரும் சிறு குலப் பெயரும், அடிமைத் தாயும், கொன்லெத்துடன் பகிர்ந்த ஆட்சியும் ஒரு மனிதப் பிறவியைச் சுட்டுவனவாகவே உள்ளன.

புனிதக் கிணறுகள்

அயர்லாந்தில் ஏறத்தாழ 3,000 புனிதக் கிணறுகள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. கிணறு என்று அழைக்கப்பட்டாலும் இவற்றுட் பெரும்பாலானவை நிலத்திலிருந்து தானே சுரக்கும் ஊற்றுகள். சுற்றிலும் கல் அடுக்கி, சில இடங்களில் சிறு கூரையும் அமைத்திருப்பர். இவற்றில் பல பிரிஜித்தின் பெயரால் வழங்குகின்றன. கில்டேர் நகருக்கு அருகே டல்லியிலும், கிளேர் மாவட்டத்தில் மோகர் செங்குத்துப் பாறைகளுக்கு அருகே லிஸ்கேனரிலும் உள்ளவை புகழ்பெற்றவை. லிஸ்கேனர் கிணற்றுக்கு முற்காலத்தில் ஆரன் தீவு மக்கள் படகேறி வந்தனர். ஃபோகார்டில் ஓடையை ஒட்டிய கற்களுக்குத் தலைக் கல், முழங்கால் கல், கண் கல் எனப் பெயரிட்டுள்ளனர். நோயுள்ள உறுப்பை உரிய கல்லில் வைத்து வேண்டுவர்.

கிணற்று வழிபாட்டுக்கு முறை உண்டு. கதிரவன் செல்லும் திசையில், அதாவது வலமாகவே கிணற்றைச் சுற்ற வேண்டும். சுற்றுகளின் எண்ணிக்கை தவறாதிருக்கச் சிறு கற்களைக் கையிலெடுத்து ஒவ்வொன்றாகப் போடுவர். பின் நீரை அருந்தி, நோயுள்ள இடத்தில் தடவி, துணிக்கீற்று ஒன்றை அருகிலுள்ள மரத்தில் கட்டுவர். துணி மழையிலும் வெயிலிலும் நைந்து போகப் போக நோயும் நைந்து போகும் என்பது நம்பிக்கை. அதனால் பிறர் கட்டிய துணியை எவரும் அவிழ்ப்பதில்லை. கிணற்றில் மீன் ஒன்று கண்ணிற் பட்டால் வேண்டுதல் பலித்ததாகக் கொள்வர். இந்நீரை உலையில் வைத்தால் கொதிக்காது. அழுக்குத் துணி துவைத்தோ கால்நடைகளை விட்டோ இழிவுபடுத்தினால் ஊற்று அவ்விடத்தை விட்டு வேறிடத்துக்குப் போய்விடும் என்றும் பல ஊர்களில் சொல்லப்பட்டது. ஊர்க் குடிநீரைத் தூய்மையாக வைத்திருக்க இதைவிட வலிய சட்டம் தேவைப்பட்டிராது.

உண்மையான சட்டமோ வேறு விதமாக இருந்தது. கத்தோலிக்கரை ஒடுக்கும் நோக்குடன் 1704 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கிணறுகளுக்குத் திரளாகச் செல்வோருக்கு 10 சிலிங்கு தண்டம் விதித்தது. செலுத்த இயலாதவருக்குக் கசையடி. மக்கள் செல்வதை நிறுத்தவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கக் குருமாரே இத்திருவிழாக்களில் குடியும் கைகலப்பும் மிகுந்துவிட்டதாகக் கண்டித்துப் பலவற்றை நிறுத்தினர். வேற்றுச் சமய அரசால் ஒழிக்க முடியாத சில கூட்டங்கள் சொந்தக் குருமாரின் சொல்லால் ஒழிந்தன.

பிரிஜித் நாளும் வானிலைக் குறிகளும்

பெப்ரவரி 1 பழைய ஐரிய நாட்காட்டியில் 'இம்போல்க்' எனப்பட்டது. பெண் ஆடுகள் பால் சுரக்கத் தொடங்கும் காலம் இது. தட்பவெப்பத்தால் அயர்லாந்தில் இன்னும் குளிர்காலமே எனினும், பகல் நீள்வது தெளிவாகத் தெரியும். உழவர் தம் வைக்கோற் போரையும் உருளைக்கிழங்குக் குவியலையும் அன்று பார்வையிடுவர். பாதிக்கு மேல் எஞ்சியிருந்தால் புல் முளைக்கும் வரை கவலை இல்லை.

முந்தைய நாள் மாலையில் கோரைப் புல்லால் சிலுவை பின்னி வாயிலின் மேலும் தொழுவத்திலும் செருகுவர். சாகக் கிடந்த ஒரு தலைவனுக்குக் கிறித்துவைப் பற்றிச் சொல்லப் பிரிஜித் தரையிற் பரப்பிய கோரையை எடுத்துச் சிலுவை பின்னினார் என்னும் கதை இன்று எங்கும் கூறப்படுகிறது. ஆனால் பழைய வரலாறுகள் எதிலும் அது காணப்படவில்லை. ஒரு துணியை அன்றிரவு வெளியே போட்டு வைப்பதும் வழக்கம். நாட்டைச் சுற்றி வரும் பிரிஜித் அதைத் தொட்டுச் செல்வதால், தலைவலிக்கும் பேறுகாலத்துக்கும் பசு கன்று ஈனும் வேளைக்கும் அது மருந்தாகும். சிலர் துணியை அளந்து வைத்து, காலையில் நீண்டிருக்கிறதா எனப் பார்ப்பர். நூற்றல், வண்டி ஓட்டுதல் போன்று சக்கரம் சுழலும் வேலைகள் அன்று பல ஊர்களில் விலக்கப்பட்டிருந்தன.

வானிலைக் குறிகளில் முதன்மையானது முள்ளெலி. அன்று அது வளையை விட்டு வெளியே வந்து உலவினால் நல்ல பருவம். வந்து பார்த்துவிட்டு உடனே உள்ளே திரும்பினால் குளிர் நீடிக்கும். இசுக்காட்லாந்தில் இதே நாளில் பாம்பு வளையிலிருந்து வெளிவரும் என்பர். அயர்லாந்தில் பாம்பு இல்லாமையால் அங்கு முள்ளெலி அந்த இடத்தைப் பெற்றது போலும். வானம்பாடியின் குரல் அன்று கேட்டால் இளவேனில் நன்றாக அமையும். பிரிஜித் நாளின் முந்தைய இரவு காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதோ, அத்திசையே அவ்வாண்டு முழுதும் மேலோங்கும். தம் நாள் முதல் ஒன்று விட்டு ஒரு நாள் நல்ல வானிலை தருவதாகப் பிரிஜித்தும், மார்ச் 17 முதல் நாள்தோறும் தருவதாகப் பாட்ரிக்கும் வாக்களித்தனராம்.

கடலோரத்தில் இந்நாளை ஒட்டிய பேரோதம் ஆண்டிலேயே பெரியதெனக் கருதப்பட்டது. கடல் வெகுதூரம் வற்றும் அவ்வேளையில் வயலுக்கு உரமாகக் கடற்பாசியை வாரினர். கால்வே கரையில், பாறையில் ஒட்டி வாழும் சிறு நத்தைகளை உயிருடன் வீட்டின் நான்கு மூலைகளிலும் வைத்து, மீன்வளம் பெருக வேண்டினர்.

இக்குறிகள் எந்த அளவுக்குப் பலித்தன என்று பார்ப்பதற்கு ஒரு தடை உண்டு. 1752 இல் அயர்லாந்தில் புதிய நாட்காட்டி ஏற்கப்பட்டபோது 11 நாள்கள் நீக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொண்டாடப்பட்ட பிரிஜித் நாள் இன்றைய பெப்ரவரி 12 அளவில் விழுந்தது. முள்ளெலியும் வானம்பாடியும் நாட்காட்டியை மாற்றிக்கொள்ளவில்லை.

பதிவும் பிற்காலமும்

1935 இல் அமைக்கப்பட்ட ஐரிய நாட்டார் வழக்காற்று ஆணையம் இம்மரபுகளை எழுத்தில் காத்தது. 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வந்தனர். அவர்களுக்குத் தரப்பட்ட தலைப்புகளில் புனிதக் கிணறுகளும் வானிலைக் குறிகளும் இடம்பெற்றிருந்தன. 1942 இல் பிரிஜித் நாளுக்கென்றே தனி வினாப்பட்டியல் நாடெங்கும் அனுப்பப்பட்டது. மின்சாரமும் வானொலி வானிலை அறிக்கையும் சிற்றூர்களை எட்டும் முன்னரே இப்பணி நடந்தமை நற்பேறாகும்.

கோரைச் சிலுவை 1960கள் முதல் 1995 வரை ஐரிய அரசுத் தொலைக்காட்சியின் சின்னமாக இருந்தது. 1807 இல் டல்லோ நகரில் ஆயர் டேனியல் டெலனி தொடங்கிய பிரிஜித் கன்னியர் சபையினர் 1993 இல் கில்டேரில் மீண்டும் தீயை ஏற்றினர். 2023 முதல் பிரிஜித் நாள் அயர்லாந்தில் பொது விடுமுறையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாட்டில் ஒரு பெண்ணின் பெயரால் அமைந்த முதல் பொது விடுமுறை இதுவாகும். பிரிஜித்தின் உடல் வைக்கிங்குகளின் தாக்குதலுக்கு அஞ்சிக் கில்டேரிலிருந்து டவுன்பாட்ரிக்குக்கு எடுத்துச் செல்லப்பட்டதென்பதும், தலை போர்த்துகலில் லிஸ்பனுக்கு அருகே லூமியாரில் உள்ளதென்பதும் மரபு. அவரது எலும்பின் சிறு துண்டு ஒன்று 2024 சனவரியில் கில்டேருக்குக் கொண்டுவரப்பட்டது.

இலண்டனிலும் பிரிஜித்தின் பெயரால் ஒரு கிணறு இருந்தது. அதனருகே 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் என்றி மன்னர் கட்டிய மாளிகை கிணற்றின் பெயராலேயே பிரைடுவெல் எனப்பட்டது. பின்னர் அது சிறைச்சாலையாகவே, ஆங்கிலத்தில் அச்சொல் சிறையைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆயிற்று.